சோகை ஏன் மக்க மாட்டேன் என்கிறது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் எருக்குழி பற்றி எழுதும்போது, "கழனியில் விளைந்த எதுவும் மக்காமல் போகாது, நாம்தான் அவசரப்படுகிறோம்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பாதிக்கு மேல் நம் வேலூர், குடியாத்தம், ஆம்பூர், ஜவ்வாது மலைப் பக்கத்துக் கடிதங்கள். 31 வருடம் மண் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு, இப்போது அணைக்கட்டுப் பக்கம் முக்கால் ஏக்கர் கொல்லையில் தினமும் கையை மண்ணில் வைத்திருப்பவள் நான். ஆய்வகத்தில் படித்ததையும் கொல்லையில் பார்த்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

அம்மா, எனக்கு ஒன்றரை ஏக்கர் கரும்பு. வெட்டி மூன்று மாதம் ஆகிறது, சோகை (கரும்பின் காய்ந்த இலை) இன்னும் சலசலவென்று அப்படியே கிடக்கிறது. அதே வரப்பில் போட்ட வாழைப்பழத் தோல் பத்தே நாளில் காணவில்லை. "கொளுத்திவிடு, சாம்பலும் உரம்தானே" என்கிறார் அப்பா. சோகைக்கு மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம்?
(கரும்பு விவசாயி, கே.வி.குப்பம்)

தம்பி, முதலில் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். ஒரு பிடி அவலை வாயில் போட்டு விழுங்காமல் மென்றுகொண்டே இருங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் லேசாக இனிக்கும். அடுத்து, கழுவிய வைக்கோல் துண்டு ஒன்றை மெல்லுங்கள் (சோகை வேண்டாம், உதட்டைக் கிழித்துவிடும்). அரை மணி நேரம் மென்றாலும் இனிக்காது. இத்தனைக்கும் அவலில் இருக்கும் மாவுச்சத்தும் வைக்கோலில் இருக்கும் செல்லுலோஸும் ஒரே குளுக்கோஸ் சர்க்கரையைக் கோத்துச் செய்தவைதான்.

வித்தியாசம் கோத்த விதத்தில் இருக்கிறது. மாவுச்சத்தில் சர்க்கரைகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி கைகோத்து நிற்கின்றன. அதனால் சரம் சுருண்டு போகிறது, உள்ளே தண்ணீர் புகுகிறது, நம் எச்சிலில் இருக்கும் நொதி (என்சைம்) எளிதாக வெட்டிவிடுகிறது. செல்லுலோஸில் ஒன்று விட்டு ஒன்று தலைகீழாகத் திரும்பி நிற்கிறது. அதனால் சரம் வளையாமல் நேராக நீள்கிறது. ஆயிரக்கணக்கான சர்க்கரை கோத்த சரங்கள், தறியில் பூட்டிய பாவு மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நெருங்கி ஒட்டிக்கொள்கின்றன. இடையில் தண்ணீர் கூட நுழைவது கஷ்டம். அந்த முடிச்சை வெட்டும் நொதி நம் உடம்பில் கிடையாது.

மண்ணில் இருக்கும் பூஞ்சைகளிடமும் சில பாக்டீரியாக்களிடமும் இருக்கிறது. பூஞ்சைக்கு வாய் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். அது நொதியை வெளியே கசியவிட்டு, சோகையை அது கிடக்கும் இடத்திலேயே செரிக்கவைத்து, கரைந்து வரும் சர்க்கரையை உறிஞ்சிக்கொள்கிறது. நமக்கு வயிறு உள்ளே, அதற்கு வயிறு வெளியே. மக்குவது என்று நாம் சொல்வது இந்தச் சாப்பாட்டைத்தான்.

அந்த வேலையும் ஒரு நொதியால் ஆவதில்லை. உங்கள் கரும்பு வெட்டு ஆட்களைப் பாருங்கள். ஒருவர் வெட்டிச் சாய்ப்பார், ஒருவர் சோகை கழிப்பார், ஒருவர் துண்டு போடுவார். அதே மாதிரிதான். ஒரு வகை நொதி செல்லுலோஸ் சரத்தை நடுவில் கண்ட இடத்தில் வெட்டி முனைகளை உண்டாக்கும். இன்னொன்று அந்த முனையைப் பிடித்துக்கொண்டு இரண்டிரண்டு சர்க்கரையாக உருவிக்கொண்டே போகும். மூன்றாவது அந்த ஜோடியைப் பிரித்துத் தனிக் குளுக்கோஸ் ஆக்கும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேலை தேங்கிவிடும்.

சரி, இதெல்லாம் நடக்க வேண்டியதுதானே, ஏன் நடக்கவில்லை என்றால் நடுவில் லிக்னின் நிற்கிறது. மரத்துக்கு விறைப்பைக் கொடுப்பது இதுதான். செல்லுலோஸ் கயிறு என்றால் லிக்னின் அதன்மேல் பூசிய தார். சோகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு லிக்னின், வாழைப்பழத் தோலில் அதைவிட மிகக் குறைவு. செல்லுலோஸில் ஒரே முடிச்சு திரும்பத் திரும்ப வருகிறது, அதற்கென்று சாவி செய்துவிடலாம். லிக்னினில் அப்படி ஒழுங்கே கிடையாது. கண்டபடி பின்னிக் கிடக்கும், எந்தச் சாவியும் பொருந்தாது. அதனால் வெண் அழுகல் பூஞ்சைகள் வேறு வழி வைத்திருக்கின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடைத் தாங்களே உண்டாக்கி, பெராக்சிடேஸ் என்ற நொதியின் உதவியால் லிக்னினை அங்கங்கே எரிப்பது போல உடைக்கின்றன. தீயில்லாத எரிப்பு. இந்த நொதியை விஞ்ஞானிகள் கண்டுபிடித்ததே 1983இல்தான். வெட்டிப் போட்ட பழைய மாங்கட்டையில் வெள்ளை வெள்ளையாக நார் உரிந்து, பஞ்சு மாதிரி ஆகியிருப்பதைப் பார்த்திருப்பீர்களே? லிக்னினைத் தின்று தீர்த்துச் செல்லுலோஸை மிச்சம் வைத்த அடையாளம் அது.

உங்கள் கழனியில் பூஞ்சை இல்லாமல் இல்லை. சோகை காய்ந்து கிடக்கிறது, முழு நீளமாகக் கிடக்கிறது, மண்ணைத் தொடாமல் ஒன்றின்மேல் ஒன்றாகத் தூக்கி நிற்கிறது, அதில் தழைச்சத்து (நைட்ரஜன்) அரை சதவீதம் கூட இல்லை. இந்த நான்கும்தான் தடை. ஆள் வைத்தோ பொடிக்கும் இயந்திரம் வைத்தோ ஒரு சாண் துண்டுகளாக்குங்கள். ஒன்று விட்டு ஒரு பாரில் பரப்பி, சாணிக் கரைசலும் மாட்டு மூத்திரமும் தெளித்து, கட்டைக் கரும்புக்குத் தண்ணீர் கட்டும்போது அதுவும் நனையும்படி செய்யுங்கள். இரண்டாவது தண்ணீருக்குள் அடியில் வெள்ளை நூல் ஓடுவது தெரியும்.

கொளுத்துவதைப் பற்றி அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். சாம்பலில் சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) சுண்ணாம்பும் நிற்கும், அது உண்மை. ஆனால் தழைச்சத்து கிட்டத்தட்ட முழுவதும், கந்தகத்தில் பெரும்பகுதியும் புகையோடு போய்விடும். ஏக்கருக்கு 3 முதல் 4 டன் சோகை விழுகிறது. அதில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோ தழைச்சத்தும், ஒரு டன்னுக்கு மேல் கார்பனும் ஒரு சாயங்காலத்தில் வானத்துக்குப் போகின்றன. நம் செம்மண்ணுக்கு அந்தக் கார்பன்தான் இல்லாத குறை. பாலாற்றங்கரை வழியாகப் பஸ்ஸில் வரும்போது அந்தப் புகையைப் பார்த்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

மாடு வைக்கோலைச் செரிக்கிறதே, அதனிடம் மட்டும் அந்த நொதி எப்படி வந்தது?
(கல்லூரி மாணவி, காட்பாடி)

மாட்டிடமும் இல்லை கண்ணு. அதன் முதல் இரைப்பையில் குடியிருக்கும் பாக்டீரியாக்களிடமும் பூஞ்சைகளிடமும் இருக்கிறது. காற்றே இல்லாத அந்த இருட்டில் பூஞ்சை வாழும் என்று யாரும் நம்பவில்லை. 1975இல் காலின் ஆர்பின் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி ஆட்டின் இரைப்பையில் அதை நிரூபித்தார். ஆனால் ஒன்று: லிக்னினை உடைக்க ஆக்சிஜன் வேண்டும், மாட்டு வயிற்றில் அது கிடையாது. அதனால்தான் சாணியைக் கையில் எடுத்து உதிர்த்தால் நார் நாராகத் தெரிகிறது. மாடு முடிக்காமல் விட்ட வேலையை எருக்குழி முடிக்கிறது. குழியில் காற்றுப் போக இடம் வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

எங்களுக்கு முள்ளுக் கத்திரி ரெண்டு பாத்தி. மர அறுவை மில்லில் சும்மா கிடைக்கிறதே என்று நாலு மூட்டை மரத்தூள் வாங்கிவந்து மண்ணோடு கலந்து கொத்திவிட்டேன். மூன்றே வாரத்தில் செடி எல்லாம் வெளிறி மஞ்சளாகிவிட்டது. மரத்தூளில் விஷம் ஏதாவது இருக்குமா?
(இல்லத்தரசி, இலவம்பாடி)

விஷம் இல்லை அம்மா. உங்கள் செடியின் தட்டிலிருந்து நுண்ணுயிர்கள் எடுத்துச் சாப்பிட்டுவிட்டன.

கணக்கைப் பாருங்கள், வைக்கோலை வைத்தே சொல்கிறேன். 100 கிலோ வைக்கோலில் சுமார் 40 கிலோ கார்பன், அரை கிலோ தழைச்சத்து. நுண்ணுயிர்கள் அந்தக் கார்பனில் பெரும்பகுதியை மூச்சாக விட்டுவிடும், மூன்றில் ஒரு பங்கைத் தங்கள் உடம்பாக மாற்றும். 13 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அவற்றின் உடம்பில் ஏறத்தாழ பத்துப் பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு தழைச்சத்து வேண்டும். ஆக 1 கிலோ 300 கிராம் தேவை. வைக்கோல் கொடுப்பது அரை கிலோ. மீதி 800 கிராமுக்கு எங்கே போகும்? பக்கத்தில் மண்ணில் கரைந்திருப்பதை எடுத்துக்கொள்ளும். வேரைவிட அவை வேகமானவை. மரத்தூள் நிலைமை வைக்கோலைவிட மோசம், 100 கிலோவில் கால் கிலோ தழைச்சத்து கூடத் தேறாது.

இதே தப்பை நானும் செய்திருக்கிறேன். ஓய்வு பெற்ற முதல் வருடம், தக்காளி நாற்று 60 வைத்த பாத்தியில் மரத்தூளைக் கலந்தேன். எத்தனையோ விவசாயிகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியவள்தான். "கொஞ்சம்தானே, மண் இளகட்டும்" என்று நினைத்துவிட்டேன். அடி இலையிலிருந்து வெளிற ஆரம்பித்து, 60இல் 11 செடிதான் தேறியது. மீதியைப் பிடுங்கும்போது வேரைச் சுற்றி மரத்தூளில் வெள்ளைப் பூஞ்சை அருமையாக ஓடியிருந்தது. மண் பட்டினி கிடக்கவில்லை, செடிதான் கிடந்தது.

இப்போது என்ன செய்யலாம்? புளித்த கடலைப் பிண்ணாக்குக் கரைசலையோ, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்த மாட்டு மூத்திரத்தையோ வாரம் ஒரு தடவை வேரடியில் ஊற்றுங்கள். யூரியா போடுபவராக இருந்தால் சிறிதளவு மேலுரமாகக் கொடுக்கலாம். செடி நிமிர்ந்துவிடும். நுண்ணுயிர்கள் எடுத்த தழைச்சத்து எங்கும் போய்விடவில்லை, மரத்தூள் தீரும்போது அவை செத்து மடிந்து மண்ணுக்கே திருப்பிக் கொடுக்கும். அடுத்த வருடம் அதே பாத்திதான் உங்களுக்கு நன்றாக விளையும். இனிமேல் மரத்தூள் கிடைத்தால் மண்ணோடு கொத்தாமல் மேலே மூடாக்காகப் பரப்புங்கள். மேல் தோலில் மட்டும் அந்தச் சண்டை நடக்கும், வேர் தப்பிக்கும்.

தென்னைநார்க் கழிவை அப்படியே தொட்டியில் போடலாமா?
(தோப்பு வைத்திருப்பவர், குடியாத்தம்)

வேண்டாம். அதில் தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கார்பன் 112 பங்கு, மூன்றில் ஒரு பங்கு லிக்னின். ஒரு டன் கழிவுக்கு 5 பாட்டில் சிப்பிக்காளான் வித்து, 5 கிலோ யூரியா என்று அடுக்கடுக்காகப் போட்டு நனைத்து வைக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெகுநாளாகச் சொல்லிவருகிறது. கார்பன் பங்கு 24க்கு இறங்கிவிடும். நிழலில் வைத்து, ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், அதுதான் அளவு. முறையாகக் கற்றுக்கொள்ள விரிஞ்சிபுரத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள்.

கத்திரி வெயில் முடிந்து முதல் மழை விழும்போது வரும் மண்வாசனை எதனால்?
(ஓய்வு பெற்ற தபால்காரர், வாலாஜாப்பேட்டை)

ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற நூலிழை மாதிரியான பாக்டீரியாக்கள் மண்ணில் உண்டு. செல்லுலோஸைத் தின்பதில் அவற்றுக்கும் பங்கு இருக்கிறது. அவை உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளே அந்த வாசனையில் முக்கியமானது. மழைத்துளி மண்ணில் மோதித் தெறிக்கும்போது அது காற்றில் ஏறுகிறது. லட்சம் கோடி பங்கு தண்ணீரில் சில பங்கு கலந்திருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். நன்றாக மக்கிய எருவை முகர்ந்தால் இதே வாசனை வரும். அழுகிய முட்டை வாடை வந்தால் காற்றுப் போகவில்லை என்று அர்த்தம், உடனே கிளறிவிடுங்கள். ஆய்வகக் கருவி எதுவும் இல்லாத இடத்தில் நான் இந்த மூக்கை நம்பித்தான் எருவை எடை போட்டிருக்கிறேன்.

அம்மா, நான் டேனரியில் 24 வருடம் வேலை பார்த்தவன். ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட தோல் எத்தனை வருடம் ஆனாலும் அழுகாது. வீட்டில் மாவிலையைக் குழியில் போட்டாலும் சீக்கிரம் மக்குவதில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்குமோ என்று ஒரு எண்ணம்.
(வாசகர், ஆம்பூர்)

ஐயா, இந்த மாதம் வந்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். சம்பந்தம் இருக்கிறது, நேரடிச் சம்பந்தம்.

ஜவ்வாது மலையிலிருந்து வரும் கடுக்காயைக் கடித்திருப்பீர்கள். கடித்த உடனே நாக்கு வறண்டு இழுத்துக்கொள்ளும். கடுக்காயில் இருக்கும் டானின், எச்சிலில் இருக்கும் புரதத்தைப் பிடித்து உறையவைப்பதால் வரும் துவர்ப்பு அது. ஆவாரம்பட்டையில் இருப்பதும் டானின்தான். பச்சைத் தோல் முழுக்கப் புரத நார். உப்புப் போடாவிட்டால் ஓரிரு நாளில் பாக்டீரியாக்கள் நாறடித்துவிடும். பட்டைத் தண்ணீரில் ஊறும்போது டானின் அந்த நார்களுக்கு நடுவே புகுந்து இறுக்கிக் கட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு நொதி வாய் வைக்க இடம் கிடைப்பதில்லை.

மாவிலை, முந்திரி இலை, புளியங்கொட்டைத் தோல் எல்லாவற்றிலும் டானின் உண்டு. இங்கே இன்னொரு விஷயமும் நடக்கிறது. நொதியே ஒரு புரதம்தான். பூஞ்சை தன் நொதியை வெளியே விட்டதும் இலையிலிருந்து கசியும் டானின் அதையே பிடித்துப் பதனிட்டுவிடுகிறது! வெட்ட வந்தவன் கையைக் கட்டிப்போட்ட மாதிரி. மாவிலையின் மேல் மெழுகுப் பூச்சு வேறு.

வழி சுலபம். மாவிலைக் குவியலை ஒரு மழையில் நனைய விடுங்கள், அல்லது தொட்டியில் நாலைந்து நாள் ஊறப்போட்டுத் தண்ணீரை வடித்துவிடுங்கள். டீத்தண்ணீர் நிறத்தில் இறங்கும், நீங்கள் டேனரிக் குழியில் பார்த்துப் பழகிய நிறம்தான். அப்புறம் மிதித்து நொறுக்கி, புங்கந்தழை, கீரைக்கழிவு, சாணியோடு சேர்த்தால் ஐப்பசி மழைக்குப் போட்டது சித்திரைக்குள் கறுத்துவிடும்.

நொதி உங்கள் தொழிலுக்குப் புதிதில்லை. பதனிடுவதற்கு முன்னால் டிரம்மில் பேட்டிங் என்று ஒரு வேலை செய்திருப்பீர்கள், தோல் பட்டு மாதிரி மெத்தென்று ஆவதற்கு. அந்தக் காலத்தில் உலகம் முழுக்க நாய், புறா எச்சத்தைக் கரைத்துத்தான் அதைச் செய்தார்கள். அதில் வேலை செய்வது நொதி என்று புரிந்துகொண்டு, 1907 வாக்கில் ஜெர்மனியில் ஒட்டோ ரோம் என்பவர் கணையத்தின் நொதியை வைத்து ஒரு பொடி கொண்டுவந்தார். அந்த நாற்றத்திலிருந்து தோல் தொழிலாளிகளை விடுவித்த பொடி அது.

ஒரு எச்சரிக்கை மட்டும். குரோம் போட்டுப் பதனிட்ட தோலின் சீவல்களை "தோல்தானே, மக்கும்" என்று யாரும் குழியில் போட வேண்டாம். நுண்ணுயிரால் குரோமியத்தைத் தின்று தீர்க்க முடியாது. அது மண்ணிலேயே தங்கிவிடும். நம் பக்கத்து மண் அதை ஏற்கெனவே நிறையப் பார்த்துவிட்டது.

மாடித் தோட்டத்துக்கு என்று 'என்சைம் திரவம்' ஒரு லிட்டர் வாங்கினேன். பழத்தோல், வெல்லம், தண்ணீர் ஊறவைத்து வீட்டிலும் செய்யச் சொல்கிறார்கள். மண் வளம் கூடுமா?
(வாசகி, சத்துவாச்சாரி)

பாட்டிலில் இருப்பது நிஜமாகவே நொதி என்றாலும், மண்ணில் ஊற்றியதும் அதில் கொஞ்சம் களிமண் துகளில் ஒட்டிக்கொள்ளும், மீதியை நுண்ணுயிர்கள் புரதச் சாப்பாடாகத் தின்றுவிடும். நொதியைக் காசு கொடுத்து வாங்கி ஊற்றுவதைவிட, நொதி செய்பவர்களுக்குச் சாப்பாடு போடுவது மலிவு.

மண்ணில் நொதி இல்லாமல் இல்லை. ஈர மண்ணில் யூரியாவைத் தூவிவிட்டு இரண்டு நாள் கழித்துக் குனிந்து பாருங்கள், மூக்கில் அம்மோனியா ஏறும். மண்ணில் ஏற்கெனவே இருக்கும் யூரியேஸ் என்ற நொதி செய்த வேலை. அதைச் செய்த பாக்டீரியா செத்த பிறகும் நொதி களித்துகளில் ஒட்டிக்கொண்டு நாள்கணக்கில் வேலை செய்யும். இந்த யூரியேஸைத்தான் 1926இல் ஜேம்ஸ் சம்னர் என்ற அமெரிக்கர் வாளவரை இனத்துக் கொட்டையிலிருந்து படிகமாகப் பிரித்து, நொதி என்பது புரதம் என்று காட்டினார். பல வருடம் பெரிய பெரிய வேதியியலாளர்கள் நம்பவில்லை. 1946இல் நோபல் பரிசு கிடைத்தது. இளவயதில் வேட்டை விபத்தில் இடது கையை இழந்தவர் அவர். ஒற்றைக் கையால் செய்த சோதனை என்பதை ஒவ்வொரு தடவையும் நினைத்து நெகிழ்ந்துபோவேன்.

வீட்டில் செய்யும் பழத்தோல் கரைசல் (ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு தோல், பத்துப் பங்கு தண்ணீர், மூன்று மாதம்) பெரும்பாலும் காடி மாதிரியான புளிப்புத் தண்ணீர். தரை துடைக்க நன்றாக இருக்கும். செடிக்கு என்றால் நிறையத் தண்ணீர் கலக்காமல் ஊற்றாதீர்கள், வேர் கருகும். அந்தப் பழத்தோலை நேராகத் தொட்டி மண்ணில் புதைத்து, பழைய எரு ஒரு பிடி தூவிவிட்டால் போதும் என்பது என் முடிவு.

செல்லுலோஸை உடைக்கும் நொதியை முதலில் எங்கே கண்டுபிடித்தார்கள்?
(பதினோராம் வகுப்பு மாணவன், அரக்கோணம்)

முதல் என்று ஒரு இடத்தைச் சொல்வதைவிட, திருப்பம் நடந்த இடத்தைச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் கடலில் சாலமன் தீவுகள் பக்கம் இருந்த அமெரிக்கப் படைக்குப் பெரிய தொல்லை ஒன்று வந்தது. பருத்திக் கூடாரமும் பெல்ட்டும் மழையிலும் புழுக்கத்திலும் இற்று இற்றுக் கிழிந்தன. ஏன் என்று பார்க்க, கெட்டுப்போன துணிகளை ஊருக்கு அனுப்பினார்கள். பருத்தி என்பது கிட்டத்தட்ட சுத்தமான செல்லுலோஸ். அதைத் தின்றுகொண்டிருந்தது டிரைக்கோடெர்மா வகைப் பச்சைப் பூஞ்சை. எல்வின் ரீஸ், மேரி மாண்டல்ஸ் இருவரும் பல வருடம் அதை ஆராய்ந்தார்கள். பிற்பாடு ரீஸின் பெயரையே அதற்கு வைத்தார்கள், டிரைக்கோடெர்மா ரீசை. துணியை அழிப்பவனைத் தடுக்க ஆரம்பித்த ஆராய்ச்சி, அந்த நொதியையே தொழிற்சாலையில் காய்ச்சி எடுப்பதில் முடிந்தது. இன்றைக்குச் சலவைத் தூளிலும், ஜீன்ஸ் துணியை நைய வைப்பதிலும், வைக்கோலிலிருந்து எத்தனால் எடுப்பதிலும் அந்தக் குடும்பத்து நொதிகள் இருக்கின்றன.

இன்னொன்று கேள் தம்பி. நெருங்கிக் கிடக்கும் செல்லுலோஸை முதலில் ஏதோ ஒன்று இளக்கிக் கொடுக்கிறது, அப்புறம்தான் மற்ற நொதிகள் வெட்டுகின்றன என்று 1950இலேயே ரீஸும் அவரது கூட்டாளிகளும் ஊகித்தார்கள். அந்த 'ஏதோ ஒன்று' பிடிபட 60 வருடம் ஆனது. 2010இல் நார்வேயில், செம்பு அணுவை வைத்துக்கொண்டு ஆக்சிஜனால் சரத்தைக் கீறிவிடும் ஒரு நொதி வகையைக் கண்டார்கள். நீ கல்லூரிக்குப் போகும்போது இந்த இடத்தில் இன்னும் நிறைய வேலை பாக்கி இருக்கும்.

எங்கள் மலையில் மழைக்காலத்தில் புற்றைச் சுற்றிக் காளான் பூக்கும். கறையான் இருக்கும் இடத்தில் மட்டும் ஏன்? நிலத்தில் இருக்கும் புற்றை இடித்துவிடலாமா?
(வாசகர், ஜமுனாமரத்தூர்)

அந்தக் காளான் கறையானின் வெள்ளாமை. நம் பக்கத்துப் புற்றுக் கறையானால் காய்ந்த சருகையும் குச்சியையும் தனியாகச் செரித்து முடிக்க முடியாது. அரைகுறையாக மென்று உள்ளே கொண்டுபோய்க் கழித்து, கடற்பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையான ஒரு அடையைக் கட்டுகிறது. அதில் வளரும் பூஞ்சை லிக்னினை உடைத்து, பொருளை மெத்தென்று ஆக்கித் தருகிறது. ஊசிமுனை அளவு வெள்ளை உருண்டைகள் அந்த அடையில் இருக்கும். அவையும் பழைய அடையும்தான் கறையானுக்குச் சோறு. இந்தக் கூட்டு ஆப்பிரிக்காவில் சுமார் 3 கோடி வருடங்களுக்கு முன் தொடங்கியது. மனிதன் ஏர் பிடித்தது நேற்று. மழையில் மண் நனைந்ததும் அந்தப் பூஞ்சை நீளமான காம்பை மேலே அனுப்பிக் குடை விரிக்கிறது. நீங்கள் பறிப்பது அதைத்தான். கறையான் இல்லாமல் நம் குடிலில் அதை வளர்த்துவிட முடியாது. அதனால்தான் சிப்பிக்காளான் மாதிரி அது கடையில் மலிவாகக் கிடைப்பதில்லை.

வீட்டு மரத்தைத் தொடாத வரைக்கும் புற்றை இடிக்காதீர்கள். சோகை மக்கவில்லை என்று கே.வி.குப்பத்துத் தம்பி கேட்டாரே, அந்த வேலையைக் காய்ந்த கோடையிலும் நிறுத்தாமல் செய்வது கறையான்தான், ஈரத்தைத் தானே கீழிருந்து கொண்டுவந்துவிடும். காளான் பறிக்கும்போது மட்டும், ஊர்ப் பெரியவர்கள் கண்ணால் பார்த்து இதுதான் என்று சொன்னதைத் தவிர வேறெதையும் சமைக்காதீர்கள்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் கண்ணால் காட்ட வேண்டும். ஆய்வக வசதி கிடையாது. என்ன செய்யலாம்?
(ஆசிரியை, குடியாத்தம்)

உங்கள் ஊரில் பருத்தித் துணிக்கா பஞ்சம் அம்மா! பழைய வெள்ளைப் பருத்தி வேட்டியைச் சாண் சதுரமாக வெட்டுங்கள். பாலியஸ்டர் கலந்தது வேண்டாம். ஓரத்தை மட்டும் சாதாரணத் தையல் நூலால் மடித்துத் தைக்கச் சொல்லுங்கள், அந்த நூல் பெரும்பாலும் பாலியஸ்டர்தான். பள்ளி வளாகத்தில் மூன்று இடம் பாருங்கள். மரத்தடி, பூச்செடிப் பாத்தி, வண்டி நிறுத்தி இறுகிப்போன தரை. நாலு விரல் ஆழத்தில் படுக்கை வாட்டில் புதைத்து, குச்சி நட்டுத் தேதி எழுதி வையுங்கள். மழை இல்லாத வாரம் மூன்று இடத்துக்கும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். 50 நாள் கழித்துத் தோண்டலாம்.

நான் ஆடி மாதம் என் கொல்லையில் செய்து பார்த்தேன். வண்டித் தரையில் புதைத்த துணி, செம்மண் கறையோடு முழுசாக வந்தது, துவைத்தால் கைத்துடைக்கு ஆகும். கத்திரிப் பாத்தியில் புதைத்தது சல்லடை ஆகியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் அங்கங்கே பழுப்பும், கறுப்பும், ஒரு மூலையில் இளம்பச்சையும் திட்டுத் திட்டாகத் தெரிந்தன. ஒவ்வொரு திட்டும் ஒரு பூஞ்சைக் குடும்பம். மாமரத்தடியில் தோண்டியபோது துணி எங்கே என்றே தெரியவில்லை. கையால் மண்ணை மெதுவாகத் தள்ளிக்கொண்டே போனேன். தையல் நூல் மட்டும் சதுரமாக, மூலைக்கு மூலை மடிப்புக் குலையாமல் கிடந்தது. நடுவில் ஒரு மண்புழு.